நத்தாலியா கின்ஸ்பேர்க்: வீட்டு மொழியில் எழுதிய நாட்டுச் சரித்திரம்

1963ஆம் ஆண்டு, இத்தாலியின் தலைசிறந்த இலக்கியப் பரிசில்களுள் ஒன்றாகிய 'ஸ்ட்ரேகா' பரிசு விசித்திரமானதொரு நூலுக்குக் கிடைத்தது. அந்நூலிலே கதைப்பின்னல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையிலே தந்தை பிள்ளைகளை ஏசுகின்றார், தாய் பழைய கதைகளை மீட்டுச் சொல்லித் தானே சிரிக்கின்றாள், பாட்டி முறையிடுகின்றாள், அண்ணன்மார் தமக்குள் அடிபடுகின்றார்கள். ஒரு குடும்பத்தினர் பல்லாண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகளே நூல் முழுவதும் நிரம்பிக் கிடக்கின்றன. 'குடும்பச் சொற்கோவை' என்று தமிழிற் பெயரிடத்தக்க அந்த நூலை எழுதியவர் நத்தாலியா கின்ஸ்பேர்க் என்னும் யூத எழுத்தாளர்.

ஆயினும், அதனைப் படித்து முடிக்கும் வாசகன் ஒரு வீட்டை மட்டும் கண்டவனாக எழுவதில்லை. முசோலினியின் பாசிஸம் இத்தாலியை ஆட்டிப்படைத்த ஆண்டுகளையும், யூதர்மீது பாய்ந்த இனச் சட்டங்களையும், யுத்தத்தையும், அதன் பின்னர் எஞ்சியோர் தட்டுத்தடுமாறி வாழத் தொடங்கியதையும் அருகிருந்து கண்டவனாகவே எழுகின்றான். பெரும் சரித்திரம் அந்த வீட்டுப் பேச்சினூடாகவே அவனிடம் வந்து சேர்ந்துவிடுகின்றது. இஃது எவ்வாறு இயன்றது? சாதாரண வீட்டு வார்த்தைகளுக்கு இத்தனை பாரத்தைச் சுமக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு ஆசிரியையின் வாழ்வையும் எழுத்தையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

தூரின் நகரத்து வீடு

நத்தாலியா 1916ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரிற் பிறந்தார். தந்தை ஜுசெப்பே லேவி, திரியெஸ்தே நகரத்து யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர், உடற்கூற்றியற் பேராசிரியர். அவரிடம் பயின்றவர்களுள் மூவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர் என்பது ஒன்றே அவர்தம் புலமைக்குச் சான்றாகும். தாய் லிதியா கத்தோலிக்கக் குடும்பத்தில் உதித்தவர். சோசலிஸ வழக்கறிஞர் ஒருவரின் புதல்வி. ஐந்து பிள்ளைகளுள் நத்தாலியாவே கடைக்குட்டி. 1919இல் குடும்பம் வடஇத்தாலியின் தூரின் நகருக்குக் குடிபெயர்ந்தது.

கடைக்குட்டியாய்ப் பிறந்தமை இவரது எழுத்து நடையையே உருவாக்கியது எனலாம். பெரியவர்கள் உரத்துப் பேசும் வீட்டிலே சின்னஞ்சிறு பெண் பேசுவதை யார் கேட்பர்? சொல்ல விரும்புவதை விரைவாகவும் சுருக்கமாகவும் சொல்லிவிட வேண்டும்; இல்லையேல் வாயை மூடிக்கொண்டு மற்றவர் சொல்வதைக் கேட்கவேண்டும். நத்தாலியா இரண்டையும் கற்றுக்கொண்டார். கேட்பதிற் கூர்மை, சொல்வதிற் சிக்கனம் என்ற இரண்டும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அவ்வீடு அரசியலும் புகுந்த வீடு. தந்தையாரும் தமையன்மாரும் பாசிஸத்தை வெறுத்தவர்கள். முதுபெரும் சோசலிஸத் தலைவரான பிலிப்போ துராத்தி 1926ஆம் ஆண்டு நாட்டைவிட்டுத் தப்பியோடுவதற்கு முன்னர் சில நாட்கள் ஒளிந்திருந்தது இவர்கள் வீட்டிலேதான். அப்பொழுது நத்தாலியாவுக்கு வயது பத்து. 1934இல், பாசிஸ எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்களுடன் எல்லையில் அகப்பட்ட தமையன் மரியோ, உடுத்த உடையோடு ஆற்றிலே குதித்து நீந்திச் சுவிற்சலாந்தை அடைந்தார். அதன் விளைவாகத் தந்தையாரும் மற்றொரு தமையனும் சிறை சென்றனர். இச்சம்பவங்கள் 'குடும்பச் சொற்கோவை'யிலே வீரகாவியமாக விரிக்கப்படவில்லை. மகன் நீந்திப் போனான் என்ற செய்தியைக் கேட்ட தாய், அவன் மேலங்கியோடு ஆற்றில் இறங்கினானே என்றுதான் வியக்கின்றாள். வாசகனுக்கு முதலிற் சிரிப்பு வருகின்றது. சிரித்த பின்னரே அச்சம் வருகின்றது.

பெயர் பறிக்கப்பட்ட எழுத்தாளர்

இருபது வயதை எட்டுமுன்னரே நத்தாலியாவின் சிறுகதை 'சோலாரியா' என்ற தரமான இலக்கிய ஏட்டில் வெளிவந்துவிட்டது. இக்காலத்திலேதான் லியோனே கின்ஸ்பேர்க் அவருடைய வாழ்விற் புகுந்தார். லியோனே 1909இல் ஒடெஸா நகரிற் பிறந்த யூதர். ருஷ்ய இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை வாய்ந்தவர். எயினாவுதி பிரசுராலயத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். பாசிஸ ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து 1934இற் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்த அவர், அவ்வாண்டே கைதாகி இரண்டு ஆண்டுகள் சிறையிற் கிடந்தார். 1938இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அதே ஆண்டிலே இனச் சட்டங்கள் வந்தன. லியோனேயின் இத்தாலியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. நத்தாலியாவின் தந்தையார் தமது பேராசிரியப் பதவியை இழந்து பெல்ஜியம் சென்றார். 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், லியோனே அப்ருட்ஸோ மலைப்பிரதேசத்திலுள்ள பிட்ஸோலி என்ற கிராமத்திற்குக் காவற்கைதியாக அனுப்பப்பட்டார். நத்தாலியாவும் குழந்தைகளுடன் அங்கே சென்றார்.

பனிமூடிய அந்தக் கிராமத்திலேதான் அவருடைய முதலாவது நாவல் உருவாயிற்று. 'நகரத்துக்குச் செல்லும் பாதை' என்பது அதன் பெயர். வறிய வீட்டிலிருந்து நகரத்தின் பகட்டை நாடி நடக்கும் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, காதலும் இன்றிக் களிப்பும் இன்றி ஒரு திருமண வாழ்வுக்குள் தள்ளப்படும் கதை. 1942இல் நூல் அச்சேறியபொழுது யூதப் பெயர் ஒன்றினை அட்டையிற் போட இயலவில்லை. ஆதலின் 'அலெஸாந்திரா தோர்நிம்பார்த்தே' என்ற புனைபெயரில் நூல் வெளிவந்தது. தோர்நிம்பார்த்தே என்பது அயலிலுள்ள ஓர் ஊரின் பெயர். சொந்தப் பெயரையே சட்டம் பறித்துக்கொண்ட நிலையில், தாம் சிறைப்பட்டிருந்த மண்ணின் பெயர் ஒன்றையே அவர் எடுத்து அணிந்துகொண்டார்.

பெண்கள் எழுதினால் அது கண்ணீரும் பெருமூச்சுமாகவே இருக்கும் என்ற ஏளனத்துக்கு அஞ்சி, இளமையில் ஓர் ஆண்மகனைப் போல எழுத விரும்பியதாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். குழந்தைகள் பிறந்தபின் சிறிது காலம் எழுத்தையே கைவிட்டார். அடுப்பும் தொட்டிலும் மனத்தை முழுமையாகப் பற்றிக்கொண்டன. மீண்டும் பேனாவை எடுத்தபொழுது அந்த அச்சம் நீங்கியிருந்தது. தக்காளிச் சாறு காய்ச்சும் வேலையினின்று பெற்ற அறிவும் எழுத்துக்குப் பயன்படும் என்று அவர் கண்டுகொண்டார். எழுத்தை அவர் எப்பொழுதும் 'என் தொழில்' என்றே குறிப்பிட்டார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஒரு மரணமும் ஒரு மௌனமும்

1943 ஜூலையில் முசோலினி வீழ்ந்தான். லியோனே ரோம் நகர் சென்று பாசிஸ எதிர்ப்பு வேலையில் ஈடுபட்டார். செப்டெம்பரில் ஜேர்மானியப் படை நாட்டை ஆக்கிரமித்தது. பிட்ஸோலிக் கிராமத்தவர், நத்தாலியா தங்கள் உறவுக்காரி என்றும், குண்டுவீச்சினால் நேப்பிள்ஸ் நகரிலிருந்து இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்தவர் என்றும் கூறி, அவரையும் மூன்று குழந்தைகளையும் ஒரு ஜேர்மானிய இராணுவ லொறியிலேயே ஏற்றி ரோமுக்கு அனுப்பிவைத்தனர். யூதர்களை வேட்டையாடியவர்களின் வாகனத்திலேயே ஒரு யூதக் குடும்பம் தப்பிச் சென்றது. கடைசிக் குழந்தைக்கு அப்பொழுது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

ஆனால் அவர்கள் ஒன்றுசேர்ந்து வாழ்ந்தது சில வாரங்களே. நவம்பர் 20ஆம் தேதி இரகசிய அச்சகம் ஒன்றிலே லியோனே கைதானார். 'வானகத்து அரசி' என்று பொருள்படும் பெயர் பூண்ட ரெஜினா சேலிச் சிறையின் ஜேர்மானியப் பகுதியிற் சித்திரவதைக்குள்ளாகி, 1944 பெப்ரவரி 5ஆம் தேதி உயிர்நீத்தார். அவருக்கு வயது முப்பத்துநான்கு. நத்தாலியாவுக்கு இருபத்தேழு.

இத்தகைய பேரிழப்புக்கு உள்ளான எழுத்தாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களிற் புலம்பியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். நத்தாலியா செய்தது வேறு. 1944இல் எழுதிய 'அப்ருட்ஸோவில் மாரிகாலம்' என்ற கட்டுரையில் அவர் கிராமத்துப் பனியையும், விறகடுப்பையும், அயலவரின் குணங்களையும், ஊர் திரும்பும் நாளை எண்ணி ஏங்கிய மனத்தையும் ஆறுதலாக விவரித்துக்கொண்டு போகின்றார். இறுதியிற் சில வரிகளிலே கணவனின் மரணம் கூறப்படுகின்றது. சிறைவாசம் என்று எண்ணிச் சலித்த அந்த நாட்களே தம் வாழ்வின் மிகச் சிறந்த காலம் என்பதை, அது போய்விட்ட பின்னர்தான் தாம் அறிந்ததாகச் சொல்லிக் கட்டுரையை முடித்துவிடுகின்றார். அதுவரை சாதாரணமாய்த் தோன்றிய விறகும் பனியும், அந்த இறுதி வரிகளைப் படித்ததும் வாசகன் மனத்திலே தாங்கொணாத பாரமாகி விடுகின்றன.

'குடும்பச் சொற்கோவை'யிலும் இதே முறைதான். தந்தையின் ஏச்சுக்களுக்குப் பக்கம் பக்கமாக இடங்கொடுத்த ஆசிரியை, கணவனின் சாவை ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு அப்பாற் செல்கின்றார். இதனை உணர்ச்சி வறட்சி என்று கொள்வது பெரும் தவறு. ஒரு வீட்டிலே துக்கம் நிகழ்ந்தால் அவ்வீட்டார் அதைப்பற்றி எத்தனை வார்த்தை பேசுவார்கள்? பேசக்கூடிய சிறு விடயங்களைப் பேசுவார்கள். பேச முடியாததைச் சுற்றி ஒரு மௌனம் நிற்கும். நத்தாலியாவின் உரைநடை அந்த மௌனத்துக்கு உரிய இடத்தை விட்டு வைக்கின்றது.

நாவல்களும் அவற்றின் நடையும்

யுத்தம் முடிந்தபின் அவர் எயினாவுதி பிரசுராலயத்திலே பணிபுரிந்தார். செஸாரே பவேசே, இத்தாலோ கல்வினோ முதலிய பெரும் எழுத்தாளர்கள் அவருடைய சகபாடிகளாயினர். புரூஸ்டின் பெருநாவலின் முதற் பகுதியை அவர் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்டார். பன்மடங்கு நீண்ட வாக்கியங்களை எழுதிய புரூஸ்டிடம், குறுவாக்கியங்களின் அரசியான இவர் எதைக் கற்றிருப்பார் என்று கேட்கத் தோன்றும். நினைவு என்பது தூரத்து மணியோசை போன்ற சிறு பொருளைப் பற்றிக்கொண்டே திரும்பி வரும் என்பதைக் கற்றார் எனலாம்.

1947இல் வெளிவந்த 'அப்படித்தான் நடந்தது' என்ற குறுநாவலில், மனைவி ஒருத்தி கணவனைச் சுட்டுக் கொன்றுவிட்டாள் என்ற செய்தி முதற் பக்கத்திலேயே வந்துவிடுகின்றது. ஏன் கொன்றாள் என்பதே நூலின் பொருள். 1952இல் வந்த 'நமது நேற்றைய நாட்களெல்லாம்' அளவிற் பெரிய நாவல். அயலவரான இரு குடும்பங்கள் பாசிஸ காலத்தையும் யுத்தத்தையும் கடக்கும் வரலாறு அது. அதில் வரும் அன்னா என்ற பேதைப் பெண், பதினாறு வயதிலே தாயாகும் நிலைக்கு ஆளாகின்றாள். வயதில் மிக மூத்த சென்ஸோ ரேனா என்பவர் அவளை மணந்து தென்பகுதிக் கிராமமொன்றுக்கு அழைத்துச் செல்கின்றார். கிராமத்தவர் பணயமாகப் பிடிக்கப்பட்டபொழுது, அவர்களை விடுவிப்பதற்காகத் தம்மையே ஜேர்மானியரிடம் ஒப்புக்கொடுத்துச் சுடப்பட்டு இறக்கின்றார். பிட்ஸோலி மக்களுக்கு ஆசிரியை செலுத்திய நன்றிக்கடன் இந்நாவலிலே தெரிகின்றது.

இவ்விடத்தில் அவருடைய உத்தி ஒன்றினைச் சுட்டுதல் தகும். அப்பெரிய நாவலில் பாத்திரங்கள் நேருக்கு நேர் உரையாடுவதே இல்லை எனலாம். அவர் இவ்வாறு சொன்னார், இவர் இவ்வாறு சொன்னார் என்று பேச்செல்லாம் கதை சொல்பவரின் வாய்வழியே வருகின்றது. ஊர் வம்பு பேசுவோர் கதை சொல்லும் முறை இது. இதனாலே பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே தொனியில், ஒரே மட்டத்தில் வந்து விழுகின்றன. பிரான்ஸ் வீழ்ந்ததும், வீட்டிலே காப்பி தீர்ந்ததும் அடுத்தடுத்த வாக்கியங்களாகலாம். யுத்தகாலத்து மக்கள் உண்மையிலே அவ்வாறுதான் வாழ்கின்றார்கள்.

லண்டனில் வாழ்ந்த காலத்தில், தாய்நாட்டை நினைந்து அவர் எழுதிய 'மாலைக் குரல்கள்' 1961இல் வந்தது. பெயர்களையும் இடங்களையும் மாற்றி எழுதிய இந்நூலின் வழியே அவர் மெல்ல மெல்லத் தம் வீட்டை நெருங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின் வந்த 'குடும்பச் சொற்கோவை'யிலே மாற்றம் எதுவும் இல்லை. மனிதர் பெயரும் சம்பவமும் உண்மையே. ஆயினும் அதனை நாவலாகவே படிக்கும்படி முன்னுரையில் வாசகரை வேண்டிக்கொண்டார். தம் நினைவில் தங்கியவற்றை மாத்திரமே எழுதியதால், நூலில் இடைவெளிகள் பல உண்டு என்பதும் அவர் கூறிய காரணம்.

அந்நூலின் உயிர்நிலையான கருத்து ஒன்று உண்டு. சகோதரர் ஐவரும் வெவ்வேறு நகரங்களிலும் நாடுகளிலும் சிதறிவிட்டனர். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதும் அரிது. எனினும் சிறுபராயத்திலே கேட்ட பழைய வாக்கியமொன்றை, பொருளற்ற வேடிக்கைச் சொல்லொன்றை, ஒருவர் உச்சரித்தாற் போதும். கும்மிருட்டிலும், கோடி மக்கள் நடுவிலும் உடன்பிறந்தவரை அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்கிறார் ஆசிரியை. அழிந்துபோன பேரரசுகளின் மொழியைக் கல்வெட்டுக்கள் காப்பாற்றுவது போல, அழிந்துபோன ஒரு வீட்டை அந்தச் சொற்கள் காப்பாற்றுகின்றன. குடியுரிமையைச் சட்டத்தாற் பறிக்கலாம், பெயரை அட்டையிலிருந்து நீக்கலாம், மனிதரைக் கொல்லலாம். சாப்பாட்டு மேசையிலே பழகிய சொல்லை எந்த ஆட்சியும் பறிமுதல் செய்ய இயலாது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவேயாகும்.

ஒரு குறையும் ஒரு போதனையும்

புகழுரை மட்டும் கூறி அமைவது விமர்சனம் ஆகாது. அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட பிரிமோ லேவி, தமது அனுபவங்களை 'இவனும் மனிதனா' என்ற நூலாக எழுதி எயினாவுதியிடம் கொடுத்தபொழுது, அப்பிரசுராலயம் அதனை ஏற்கவில்லை. அந்நிராகரிப்பில் நத்தாலியாவுக்கும் பங்குண்டு. 1947இற் சிறு பிரசுராலயம் ஒன்று 2,500 பிரதிகளை மாத்திரம் வெளியிட்டது. 1958இலேதான் எயினாவுதி அதனைத் தன் நூலாக ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தலையாய சாட்சியங்களுள் ஒன்று பதினோராண்டுகள் இவ்வாறு ஒதுங்கிக் கிடந்தது. தாமே மௌனத்தாற் காயத்தை மூடிக்கொண்டிருந்த பெண்ணொருத்திக்கு, அக்காயத்தைத் திறந்து காட்டும் நூலை எதிர்கொள்ளுதல் அந்நாளில் எளிதாய் இருந்திராது என்று எண்ண இடமுண்டு. ஆயினும் தீர்ப்புத் தவறானதே. மௌனம் ஒருவருக்கு அறமாகலாம். அனைவருக்கும் அதுவே விதியாகிவிட முடியாது.

1962இல் வெளிவந்த 'சிறிய நற்பண்புகள்' என்ற கட்டுரைத் தொகுதி ஆசிரியர்களும் பெற்றோரும் ஊன்றிப் படிக்கவேண்டியது. பிள்ளைகளுக்குச் சிக்கனத்தைப் போதிக்கின்றோம், எச்சரிக்கையைப் போதிக்கின்றோம், முன்னேறும் சாமர்த்தியத்தைப் போதிக்கின்றோம். இவை சிறிய நற்பண்புகள். தாராள மனத்தையும், ஆபத்துக்கு அஞ்சாத துணிவையும், பிறர்மீது அன்பையும் போதிக்க மறந்துவிடுகின்றோம். பெரிய பண்புகள் இருந்தால் சிறியவை தாமே பின்தொடர்ந்து வரும் என்பது அவர் வாதம். விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து உத்தியோகத்தை இழந்த ஒருவரின் மனைவி இதனைச் சொல்கின்றார் என்பதை நினைவிற் கொண்டு படித்தால், இக்கருத்து வெறும் உபதேசமாகத் தோன்றாது.

பிற்காலத்தில் அவர் நாடகங்களும் எழுதினார். 1973இல் வந்த 'அன்புள்ள மிக்கேலே' பெரிதும் கடிதங்களால் ஆகிய நாவல். வீடு சிதைந்துவிட்டது, மேசையைச் சுற்றி அமர ஒருவரும் இல்லை, எஞ்சியிருப்பது தபால் மாத்திரமே என்பதை அவ்வடிவமே உணர்த்துகின்றது. 1983இல் இடதுசாரிச் சுயேச்சையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1991 ஒக்டோபரில் ரோமிற் காலமானார். அவருடைய மூத்த மகன் கார்லோ கின்ஸ்பேர்க், பதினாறாம் நூற்றாண்டு மாவரைப்போன் ஒருவனின் வாழ்வை ஆராய்ந்து 1976இல் எழுதிய நூலாற் புகழடைந்த சரித்திராசிரியர். சிறியோரின் சொற்களிலே பெரிய காலத்தைத் தேடும் வழக்கம் தாயின் வீட்டிலிருந்தே மகனுக்கு வந்ததோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

'குடும்பச் சொற்கோவை' 2017இல் ஆங்கிலத்தில் மீண்டும் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டது. அதன் பின்னர் அவருடைய ஏனைய நூல்களும் புதிய தலைமுறை வாசகரைச் சென்றடைந்துள்ளன. அவரை முதன்முதலாகப் படிக்க விரும்புவோர் 'அப்ருட்ஸோவில் மாரிகாலம்' என்ற சிறு கட்டுரையிலிருந்து தொடங்கலாம். சில பக்கங்களே கொண்டது. அரை மணி நேரத்திற் படித்து முடித்துவிடலாம். முடித்தபின், அதன் முதற் பக்கத்திலுள்ள பனியையும் விறகையும் பற்றிய வரிகளை மீண்டும் ஒருமுறை படிக்காமல் நூலை மூடிவைக்கக் கூடியவர்கள் மிகச் சிலராகவே இருப்பர்.